தயிர்ச் சட்டியும் லெதர் சீற்றும்

வணக்கம் நேயர்களே. நான் மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாகக் குஷன் வேலை செய்கிறவன். கார், வேன், ஓட்டோ என்று எந்த சீற் வந்தாலும் கழற்றுவேன், தைப்பேன், திருப்பிப் பூட்டுவேன். லெதர் சீற்றில் படுகிற கறையைப் பற்றி ரேடியோவில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டதும் வீட்டில் சிரித்தார்கள், என்னுடைய சேட்டில் எப்போதும் பசை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சரி, அது வேறு.

இப்போது காரில் போய்க்கொண்டே இதைக் கேட்கிறீர்கள் என்றால் சீற்றை ஒருமுறை தடவிப் பாருங்கள். சாரதிக்குச் சொல்லவில்லை, அவர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் தடவுங்கள். உங்கள் கையில் படுவது மாட்டுத் தோல் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் இல்லை. தோலுக்கு மேலே நிறம் அடித்து, அந்த நிறத்துக்கு மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள், அதைத்தான் தொடுகிறீர்கள். நகத்தின் தடிப்புக்கூட அதற்கு வராது. கறை விழுவது அந்தப் பூச்சில்தான். ஆகவே கழுவும்போது நீங்கள் கழுவுவதும் பூச்சைத்தான். இதை இன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், கோபிக்காதீர்கள், என்னிடம் வருகிற சீற்றுகளில் பாதிக்கு மேல் கறையால் கெட்டவை இல்லை, கறையை எடுக்கப் போன கையால் கெட்டவை.

பூச்சில்லாத தோலும் இருக்கிறது, விலை கூடிய சில வாகனங்களில். ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு மேலே நின்றால் பூச்சு இருக்கிறது. உள்ளே இழுத்துக் கறுத்தால் பூச்சில்லை, அதை நீங்கள் தொடவே வேண்டாம், தெரிந்தவர் கையில் கொடுங்கள். இன்னொன்று, லெதர் சீற் என்று விற்றிருப்பார்கள், ஆனால் உடம்பு படுகிற இடம் மட்டும் தோலாகவும் பக்கமும் பின்புறமும் ரெக்சினாகவும் இருக்கும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கனபேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனித் தயிர்க் கதை. இதைச் சொல்லாமல் எனக்குப் பேச வராது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று கிரான் பக்கம் ரோட்டோரத்தில் நல்ல எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிப் பின் சீற்றில் வைத்திருக்கிறார். கீழே காலடியில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சந்திவெளி தாண்டவில்லை, மாடு ஒன்று ரோட்டுக்கு ஏறிவிட்டது. அந்த ரோட்டில் ஓடியவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கத்து மாடுகள் ஹோர்னுக்கு அசையாது. பிரேக் பிடித்தார், மாடு தப்பியது, சட்டி தப்பவில்லை. சந்தன நிற சீற், அதில் கட்டித் தயிர்.

மறுகா என்ன நடந்தது? வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் வழித்தெடுத்திருக்கிறார்கள். வழிக்க வழிக்கத் தயிர் தையலுக்குள் போயிருக்கிறது. பிறகு சுடுதண்ணீரில் சலவைப் பவுடர் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். துடைக்கவில்லை நேயர்களே, ஊற்றியிருக்கிறார்கள். கடைசியாகக் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டி, காயட்டும் என்று வெயிலில் விட்டாயிற்று. மட்டக்களப்பு வெயிலில்.

மூன்றாம் நாள் என்னுடைய கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். “தம்பி, காருக்க இருக்க ஏலாமக் கிடக்கு.” கதவைத் திறந்தேன், உடனே மூடினேன். “சேர், நீங்க எப்படி இஞ்ச மட்டும் ஓடி வந்தீங்க?” என்று கேட்டேன். “தலைய வெளிய நீட்டிக்கொண்டு” என்றார்.

சீற்றைக் கழற்றிக் கவரைப் பிரித்தேன். கவரை ஸ்பொன்ஞ்சோடு சேர்த்துப் பிடிக்கிற சின்னக் கம்பி வளையங்கள் உள்ளே இருக்கும், ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். ஸ்பொன்ஞ்சுக்குள் கை அகலத்துக்கு மஞ்சள் கட்டி. பாலிலும் தயிரிலும் இருக்கிற புரதம் சூடு பட்டால் இறுகும், முட்டை வெந்தால் இறுகுவது போல. சுடுதண்ணீர் அதை இறுக்கிவிட்டது, பூட்டிய கார் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சலவைப் பவுடர் வேறு தையல் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து நின்றது. ஸ்பொன்ஞ்சைக் குளிர்தண்ணீரில் திரும்பத் திரும்பப் பிழிந்து, நிழலில் ஃபேன் போட்டு இரண்டு நாள் காய வைத்தேன். முன் சீற்றாக இருந்தால் இன்னும் சிக்கல், இப்போது வருகிற பல வாகனங்களில் முன் சீற் பக்கத்திலேயே எயார்பாக் இருக்கும், தெரியாமல் கவரைப் பிரிக்கவே கூடாது.

வாத்தியார் என்ன செய்திருக்க வேண்டும்? கரண்டியால் ஓரத்தில் இருந்து நடுவுக்கு அள்ளி எடுக்க வேண்டும். நடுவில் இருந்து ஓரத்துக்குத் தள்ளினால் தையலுக்குத்தான் போகும். பிறகு காய்ந்த துணியை வைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. அதற்குப் பிறகு குளிர்தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. தயிர் புளிப்புத்தானே, லெதரைத் தின்றுவிடாதா என்று அன்றைக்கு அவர் கேட்டார். அந்த மெல்லிய புளிப்பு லெதருக்குப் பெரிய கெடுதல் இல்லை, லெதரே கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்த சாமான்தான். பள்ளிக்கூடத்தில் படித்த பிஎச் கணக்கில், எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும், தண்ணீர் 7 என்றால் லெதர் 4, 5 அளவில் நிற்கும், சவர்க்காரக் கட்டி 9, 10. தயிரை விடச் சவர்க்காரம்தான் அதற்கு அந்நியம்.

சவர்க்காரம் என்றதும் மஞ்சள் ஞாபகம் வருகிறது. கறிச் சட்டி சரிந்து மஞ்சள் கறை பட்டால் உடனே சவர்க்காரம் போடுவோம், கறை சிவந்துவிடும். அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இது புதினம் இல்லை, சீலையில் பார்த்திருப்பார்கள். ஒரு தம்பி, சீற்றில் இரத்தம் என்று பயந்து கொண்டு வந்து காட்டினார், பார்த்தால் சொதி! சவர்க்காரத்தில் இருக்கிற காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். வெற்றிலைச் சாறும் சுண்ணாம்பு சேர்ந்துதான் சிவக்கிறது. இரண்டுக்கும் நான் செய்வது ஒன்றுதான், ஒரு கப் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, அதில் துணியைத் தோய்த்துப் பிழிந்து ஒற்றுவது. முழுக்கப் போகும் என்று சத்தியம் பண்ணமாட்டேன், மங்கும்.

சாதாரண அழுக்கு, வியர்வை, சாரதியின் தொடை உரசிக் கறுத்த இடம், வெள்ளை சீற்றில் ஜீன்ஸ் விட்ட நீலம், இதற்கெல்லாம் வேண்டியது குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு. கோப்பையில் கொஞ்சம் தண்ணீரோடு அடித்து நுரையை மட்டும் எடுங்கள். தண்ணீர் கோப்பையிலேயே இருக்கட்டும், நுரை மட்டும். மெல்லிய பிரஷ், நைந்துபோன டூத்பிரஷ் என்றாலும் சரி, லேசாக ஓட்டிவிட்டு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. அதற்கு முன்னால் மண்ணை எடுத்துவிட வேண்டும். கல்லடிக் கடற்கரைக்குப் போய் வந்த காரில் தையலுக்குள் மணல் இருக்கும், அதோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரித்தான். எதைப் போட்டாலும் முதலில் தெரியாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

கொத்துரொட்டிப் பார்சலில் இருந்து எண்ணெய் இறங்கினால் தண்ணீர் வேண்டாம். ஒற்றி எடுத்துவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டுக் காலையில் தட்டுங்கள்.

பேனை மை கீறியிருந்தால் பார்மசியில் வாங்குகிற ஸ்பிரிட், காது குடைகிற பஞ்சுக்குச்சி. கீறிய கோட்டின் மேல் மட்டும் குச்சியை உருட்ட வேண்டும். பஞ்சில் மை வருகிறதா, சீற்றின் நிறம் வருகிறதா என்று ஒவ்வொரு உருட்டலுக்கும் பாருங்கள். சீற்றின் நிறம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அன்றைக்குக் கீறியது என்றால் வரும். பழைய மை பெரும்பாலும் வராது, நிறம் அடித்துத்தான் மறைக்கலாம். நகப்பூச்சு அழிக்கிற தண்ணியையும் தின்னரையும் மட்டும் தொடாதீர்கள். அவை மையை எடுக்கும், கூடவே பூச்சையும் எடுக்கும், திரும்பவும் சொல்கிறேன், பூச்சைத்தான் நாம் கழுவுகிறோம். பற்பசையும் அப்படித்தான், அதில் அராவுகிற தூள் இருக்கிறது, கறை போன இடம் மங்கி நிற்கும்.

அதோடு இந்தத் தேங்காய் எண்ணெய். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, நம்மட ஆட்கள் சீற் மினுங்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். மினுங்கும், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த நாள் தூசி வந்து ஒட்டும். அதற்கு மேல் வெள்ளைச் சேட்டோடு உட்கார்ந்து கலியாண வீட்டுக்குப் போய் இறங்குங்கள், முதுகில் சீற்றின் படமே தெரியும்! பூச்சுக்கு மேலே பூசுகிற எண்ணெய் உள்ளே இருக்கிற தோலுக்குப் போய்ச் சேராது. அது தலைக்குப் பூசுகிற சாமான், தலையிலேயே இருக்கட்டும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமா, பேச்சை வெட்டு என்கிறாரா தெரியவில்லை. மழைகாலப் பூஞ்சணத்தைப் பற்றித்தான் கூடப் பேச நினைத்து வந்தேன், ஓடி ஓடிச் சொல்கிறேன். கார்த்திகை, மார்கழியில் ஓடாமல் பூட்டிக் கிடக்கிற காரில் சீற் வெள்ளையாகப் பூக்கும். கதவுகளைத் திறந்து வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு காய்ந்த துணியால் துடையுங்கள், அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு முன்னே சொன்ன வினாகிரித் தண்ணீர், பிறகு ஃபேன். கால்விரிப்புக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும், அதைக் காய வைக்காவிட்டால் அடுத்த கிழமை திரும்பவும் பூக்கும். வெயில் எறித்த நாளில் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி… தம்பி இப்போது முழுக் கையையும் காட்டுகிறார். சரி, வணக்கம்.