மாமியின் தயிர்க் கடையில் ஒரு சேர்வர்

[திரை: ஃபோனில் ஒரு பக்கம். மேலே "இன்று 14 சட்டி இருக்கிறது" என்ற வரி. விரல் பக்கத்தைக் கீழே இழுத்து விடுகிறது. 14 இருந்த இடத்தில் 13.]

வணக்கம். இந்த 14 எப்படி 13 ஆனது? பக்கத்தை யாரும் திறந்து திருத்தவில்லை. நான் களுவாஞ்சிகுடியில் உட்கார்ந்திருக்கிறேன், கல்முனையில் யாரோ ஒருவர் ஒரு சட்டித் தயிருக்கு ஓடர் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு இலக்கம் மாறுவதற்குப் பின்னால் ஓடும் வேலையைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

பக்கத்தை அனுப்பும் கணினி சேர்வர், அதை வாங்கி உங்களுக்குக் காட்டும் மென்பொருள் பிரவுசர். நான் சேர்வர், பிரவுசர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஏ.எல். ஐ.சி.டி. படிக்கிற பிள்ளைகளே, உங்கள் புத்தகத்தில் சேவையகம், மேலோடி என்று இருக்கும். சோதனையில் அப்படியே எழுதுங்கள், என்னைப் பார்த்து எழுதாதீர்கள்.

[காட்சி: கடை வாசல். அடுக்கி வைத்த மண் சட்டிகள். வாய்க்குக் கடதாசி கட்டி, கயிறு சுற்றியிருக்கிறது.]

இது என் மாமியின் கடை. பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து எருமைப்பால் வரும். மாமி உறை ஊற்றுவார். முன்பெல்லாம் ஓடர் எல்லாம் ஃபோனில்தான். ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். கொப்பி நனைந்த ஒரு நாளில்தான் "மருமகன், நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே" என்று என்னைப் பிடித்தார். அப்படி எழுதியதுதான் இந்தத் தளம். இதில் நான் விட்ட பிழைகளை வைத்தே பாடத்தைச் சொல்லப்போகிறேன். சரியாக எழுதியதைக் காட்டினால் ஏன் அப்படி எழுத வேண்டும் என்பது விளங்காது.

[திரை: பஸ் நிலையம் ஒன்றின் கோட்டுச் சித்திரம். சுவரில் நேர அட்டவணை, பக்கத்தில் சிறிய கூண்டுக்குள் டைம் கீப்பர்.]

பஸ் நிலையத்துச் சுவரில் நேர அட்டவணை எழுதியிருக்கும். யார் பார்த்தாலும் அதே எழுத்து, பஸ் பழுதாகி நின்றாலும் அதே எழுத்து. இது நிலையான பக்கம். எச்.டி.எம்.எல்., அதாவது பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் மொழியில் எழுதிய ஃபைல் ஒன்று சேர்வரில் கிடக்கிறது, கேட்டவருக்கெல்லாம் அதைத் தூக்கிக் கொடுக்கிறது. பக்கத்துக் கூண்டில் டைம் கீப்பர் இருக்கிறார். "அக்கரைப்பற்று பஸ் எப்ப?" என்று கேட்டால், வெளியே எட்டிப் பார்த்து, தன் தாளைப் பார்த்து, அந்த நேரத்து நிலைமையைச் சொல்வார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வேறு பதில் வரும். மாமியின் பக்கம் இந்த இரண்டாவது வகை. "13 சட்டி" என்று எழுதிய ஃபைல் எங்கேயும் இல்லை. கேட்கும்போது எழுதப்பட்டு, அனுப்பப்பட்டு, மறக்கப்படுகிற பக்கம் அது.

யார் எழுதுகிறார்? மாமியின் தளம் சிங்கப்பூரில் உள்ள ஒரு சேர்வரில் வாடகைக்கு இருக்கிறது. உங்கள் பிரவுசர் முதலில் தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக, அதாவது அந்தச் சேர்வரின் இலக்க முகவரியாக, மாற்றிக்கொள்ளும். அப்புறம் அந்த முகவரியில் 443ஆம் போர்ட்டைத் தட்டும். பிரவுசரும் சேர்வரும் பூட்டுப் போட்டுப் பேசும் முறையான எச்.டி.டி.பி.எஸ். வழமையாகப் பேசும் கதவு அது. பூட்டில்லாத பழைய எச்.டி.டி.பி.க்கு 80. கதவு திறந்ததும் பிரவுசர் அனுப்புவது சில வரி எழுத்துத்தான்: இந்தப் பக்கம் வேண்டும், இந்தத் தளத்திலிருந்து வேண்டும், என்னிடம் இந்த வகை பிரவுசர் இருக்கிறது. இதுதான் ரிக்வெஸ்ட்.

அங்கே கதவைக் காப்பது அப்பாச்சி அல்லது எஞ்சின்எக்ஸ் மாதிரி ஒரு வெப் சேர்வர் மென்பொருள். கேட்டது படமா? தானே எடுத்துக் கொடுத்துவிடும். கேட்டது சேர்வரில் ஓடும் நிரல் மொழியான பி.எச்.பி.யில் எழுதிய ஃபைலா? உள்ளே இருக்கிற பி.எச்.பி.யிடம் தள்ளிவிடும். பி.எச்.பி. அந்த ஃபைலில் நான் எழுதிய கட்டளைகளை மேலிருந்து கீழே ஓட்டும். தகவலைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்திடம், அதாவது மை எஸ்.கியூ.எல்லிடம், "மிச்சம் எத்தனை சட்டி?" என்று கேட்கும். 13 என்று பதில் வரும். அதை எச்.டி.எம்.எல். வரிக்குள் செருகித் திருப்பி அனுப்பும். கூடவே 200 என்ற இலக்கம் போகும், எல்லாம் சரி என்று அர்த்தம். கேட்ட பக்கம் இல்லாவிட்டால் 404. என் கோட் நடுவில் விழுந்துவிட்டால் 500. நான் எத்தனை 500 பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

பி.எச்.பி.யை 1994இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் தொடங்கினார். இணையத்தில் போட்ட தன் சுயவிபரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணத்தான் அதை எழுதினார். அடுத்த வருடமே வெளியே விட்டார். இன்றைக்குப் பைத்தன், ஜாவா, நோட் ஜே.எஸ். என்று எத்தனையோ வழி இருக்கிறது. நான் பி.எச்.பி. எடுத்தது அது ஏ.எல். பாடத்திட்டத்தில் இருப்பதால் மட்டும்தான். மொழியை மாற்றினாலும் இனிமேல் சொல்லப்போகிற தொல்லைகள் எதுவும் மாறாது.

[திரை: கணினியில் அதே பக்கம். ரைட் கிளிக், "வியூ சோர்ஸ்".]

இதை ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் என்ன தெரிகிறது? எச்.டி.எம்.எல். மட்டும். நான் எழுதிய பி.எச்.பி. ஒரு வரிகூட இல்லை. 13 என்ற இலக்கம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிய கேள்வி இல்லை. பி.எச்.பி. சேர்வரிலேயே ஓடி முடிந்துவிட்டது; உங்களுக்கு வந்தது விளைவு மட்டும். சேர்வரில் இருப்பது என் வீடு, பிரவுசருக்குப் போனது உங்கள் கையில். உங்கள் கையில் இருப்பதை நீங்கள் என்னவும் செய்யலாம். இது எனக்கு விளங்க பத்துச் சட்டித் தயிர் செலவானது.

[காட்சி: ஓடர் படிவம். பெயர், ஃபோன் இலக்கம், எத்தனை சட்டி, குறிப்பு.]

என் முதல் படிவத்தில் இந்த நான்கு பெட்டிகளோடு கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது பெட்டி ஒன்றும் இருந்தது. அதற்குள் விலை, சட்டி 600 ரூபாய். பட்டனை அழுத்தினால் எண்ணிக்கையும் விலையும் சேர்ந்து போகும், சேர்வர் பெருக்கி பில் போடும். நல்லாகத்தானே இருக்கிறது? மாமியின் மகன், என் மச்சான், ஒரு நாள் இரவு பிரவுசரில் பக்கத்தின் உள்ளே போய்த் திருத்த விடும் எஃப் 12 விசையை அழுத்தி அந்த 600ஐ 1 ஆக்கி, பத்துச் சட்டிக்கு ஓடர் போட்டான். காலையில் கடைக்கு வந்து பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை மேசையில் வைத்தான். மாமி பில்லைப் பார்த்தார். பத்துச் சட்டி, 10 ரூபாய். எடுத்துக் கொடுத்துவிட்டார். "கொம்பியூட்டர் சொன்னா நான் குடுக்கத்தானே வேணும், மருமகன்?" என்றார் என்னிடம்.

மச்சான் மீது எனக்குக் கோபம் இல்லை, பிழை என்னுடையது. விலையை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கி, அவர் சொன்னதையே பில்லில் எழுதியிருக்கிறேன். மறைத்த பெட்டி என்றால் கண்ணுக்கு மறைவு, கைக்கு இல்லை. இப்போது படிவம் அனுப்புவது எந்தப் பொருள், எத்தனை என்பதை மட்டும். விலையைச் சேர்வர் தன் தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறது. எண்ணிக்கையையும் சும்மா விடுவதில்லை. முழு எண்ணா, பூச்சியத்துக்கு மேலா என்று பார்க்கிறது, இல்லாவிட்டால் மைனஸ் ஐந்து சட்டி வாங்குகிறவனும் வருவான். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே சோதனையை வைத்திருக்கிறேன், ஆனால் அது வாடிக்கையாளரின் வசதிக்கு. காவலுக்கு இருப்பது சேர்வரில் உள்ள சோதனைதான்.

அடுத்தது குறிப்புப் பெட்டி. ஒருவர் ஆங்கிலத்தில் "டோன்ட் கோல் பிஃபோர் சிக்ஸ்" என்று எழுதியிருந்தார். ஆறு மணிக்கு முதல் எடுக்க வேண்டாமாம், நியாயம்தான். ஆனால் தளம் 500 காட்டி விழுந்தது. ஏன்?

[திரை: எஸ்.கியூ.எல். வரி ஒன்று. நடுவில் ஒற்றை மேற்கோள்குறி சிவப்பில் மின்னுகிறது.]

"டோன்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ஒற்றைக் குறி வருமே, அதுதான் காரணம். தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்.கியூ.எல்லில் ஒரு சொற்றொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அதே குறி. நான் வாடிக்கையாளர் எழுதியதை அப்படியே கட்டளையோடு ஒட்டியிருந்தேன். தரவுத்தளம் அந்தக் குறியோடு குறிப்பு முடிந்துவிட்டது, மிச்சம் எல்லாம் கட்டளை என்று நினைத்துக்கொண்டது. இந்த மனிதர் அப்பாவி, தளம் விழுந்ததோடு போயிற்று. வேண்டுமென்றே அந்தக் குறிக்குப் பின்னால் தன் சொந்தக் கட்டளையை எழுதுகிறவர் இருந்தால், மாமியின் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அவர் கைக்குப் போயிருக்கும். எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன் என்பது இதுதான்.

மருந்து பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட். கட்டளையை முதலில் தனியாக அனுப்புகிறோம், தரவு வரும் இடங்களில் கேள்விக்குறி போட்டு. தரவுத்தளம் அதைப் படித்து விளங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தரவு போகும். அப்போது வருவது எந்தக் குறியாக இருந்தாலும் அது வெறும் எழுத்து, கட்டளையாக மாறாது. குறியைத் தேடி அழிக்கிற வேலையில் இறங்காதீர்கள், ஒன்று தப்பிவிடும்.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தொல்லை. பெயர் 20 எழுத்துக்கு மேல் கூடாது என்று விதி வைத்தேன். "தங்கேஸ்வரி" என்று ஒருவர் எழுத, பெயர் நீளம் என்று சொல்லிவிட்டது. ஆறே எழுத்து! பி.எச்.பி.யின் எஸ்டிஆர்லென் எண்ணுவது எழுத்தை இல்லை, பைட்டை, அதாவது சேமிக்கப் பிடிக்கும் இடத்தின் அலகை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யு.டி.எஃப். 8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறியீடுகள். தங்கேஸ்வரியில் 10 குறியீடு, 30 பைட். எம்.பி. என்று தொடங்கும் எம்.பி. எஸ்டிஆர்லென்னைப் போட்டால் 10 என்று சொல்லும், அது போதும். தரவுத்தளத்தையும் அதோடு பேசும் இணைப்பையும் இரண்டையும் யு.டி.எஃப். 8 எம்.பி. 4 ஆக வையுங்கள். இல்லாவிட்டால் தங்கேஸ்வரி வெறும் கேள்விக்குறி வரிசையாகச் சேமிக்கப்படலாம், அப்படியானால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

நேரமும் அப்படித்தான். சேர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது, நாம் ஐந்தரை மணி முன்னால். விடிய 4:50க்கு வந்த ஓடர் சேர்வருக்கு முந்தைய நாள் இரவு 11:20. "மறுகா ஏன் மருமகன் இது நேத்தையக் கணக்கில கிடக்கு?" என்று மாமி கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. இப்போது பொது நேரத்திலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் ஆசியா கொழும்பு நேர வலயத்துக்கு மாற்றுகிறேன்.

[காட்சி: ஆஸ்பத்திரிக் கிளினிக் வரிசையின் சித்திரம். கையில் ஒரு துண்டு.]

டைம் கீப்பருக்கு ஞாபகம் இருக்காது. பத்து பேர் வந்து போன பிறகு நீங்கள் திரும்பிப் போனால் புது ஆள்தான். எச்.டி.டி.பி.யும் அப்படியே, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் முதல் சந்திப்பு. அப்படியென்றால் மாமி உள்ளே நுழைந்து ஓடர் பட்டியலைப் பார்க்கும்போது, அவர் மாமிதான் என்று அடுத்த பக்கத்துக்கு எப்படித் தெரிகிறது?

கிளினிக்கில் நம்பர் போட்ட துண்டு தருவார்கள். உங்கள் நோய், மருந்து எதுவும் துண்டில் இருக்காது, ஃபைல் உள்ளே இருக்கும். டொக்டர் மாறினாலும் துண்டைக் காட்டினால் ஃபைல் வரும். சேர்வர் ஒரு நீளமான, ஊகிக்க முடியாத இலக்கத்தை உண்டாக்கி பிரவுசரிடம் கொடுக்கும். அதுதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி கொண்டுவந்த யோசனை. பிரவுசர் ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டும். ஃபைல் சேர்வரில் இருக்கும், அதற்கு செஷன் என்று பெயர். "இவர் முதலாளி" என்பதைக் குக்கியில் எழுதாதீர்கள், மச்சான் இன்னும் எஃப் 12ஐ மறக்கவில்லை. பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கவும் வேண்டாம். அதைத் திருப்பி எடுக்க முடியாத வடிவமாக மாற்றும் பாஸ்வேர்ட் ஹாஷ் என்ற ஃபங்ஷன் பி.எச்.பி.யிலேயே இருக்கிறது.

[திரை: இரண்டு ஃபோன்கள், ஒரே நேரத்தில். இரண்டிலும் "இன்று 1 சட்டி இருக்கிறது".]

கடைசிச் சட்டி. இதுதான் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. எருவிலில் ஒருவர், ஓந்தாச்சிமடத்தில் ஒருவர், இருவரும் ஒரே வினாடியில் அழுத்துகிறார்கள். என் பழைய கோட் முதலில் மிச்சம் எத்தனை என்று கேட்டது, அப்புறம் ஒன்று குறைத்தது. இரண்டு பேருக்காகவும் அதே கோட் ஒரே நேரத்தில் இரண்டு பிரதியாக ஓடுகிறது. இரண்டும் கேட்டன, இரண்டுக்கும் 1 என்று பதில். இரண்டும் குறைத்தன. பெருநாள் வாரத்தில் மாமி மைனஸ் மூன்று சட்டியோடு நின்றார்.

கேட்பதற்கும் குறைப்பதற்கும் இடையில் இருந்த அந்தச் சின்ன இடைவெளிதான் கள்ளன். இப்போது ஒரே கட்டளை: மிச்சம் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்று குறை. தரவுத்தளம் அந்த வரியை ஒருவருக்குப் பூட்டி முடித்துவிட்டுத்தான் மற்றவருக்குத் திறக்கும். பிறகு எத்தனை வரி மாறியது என்று நான் கேட்கிறேன். 1 என்றால் ஓடர் பதிவாகும்.

[திரை: இடது ஃபோனில் "உங்கள் சட்டி எடுத்து வைத்தாயிற்று". வலது ஃபோனில் "முடிந்துவிட்டது. நாளை காலை 6 மணிக்குப் புதுத் தயிர்".]