வயிற்றுவலி என்று எழுதப்படும் துயரம்

திருநெல்வேலிச் சீமை நேயர்களுக்கு வணக்கம்.

முதியோர் தற்கொலை பெருகிவருகிறதா என்று மனநல மருத்துவனான என்னிடம் பலர் கேட்கிறார்கள். விடை தேடுபவர் முதலில் எண்ணிக்கையையும் விகிதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் 10 பேருக்கும் மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் தொகை கூடக்கூட இறப்புகளும் கூடித் தெரியும் என்பதால், ஒரு லட்சம் முதியோரில் எத்தனை பேர் என்பதே சரியான கேள்வி. உலக அளவில் அந்த விகிதம் எழுபது வயதுக்கு மேல்தான் மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2014 அறிக்கை கூறியது. ஆனால் 2000 முதல் 2019 வரை எல்லா வயதினரையும் சேர்த்த உலக விகிதம் 36 விழுக்காடு குறைந்தது. ஆகவே இது தடுக்கக்கூடிய சாவு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், எல்லா வயதினரையும் சேர்த்து லட்சம் பேருக்கு நாட்டின் தற்கொலை விகிதம் 12.4, தமிழ்நாட்டின் விகிதம் 25.9. இந்த இடைவெளியின் ஒரு பகுதி, இறப்புகளை ஒழுங்காகப் பதிவதால் வரலாம். முழுவதையும் அப்படி விளக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

நம் பக்கத்துச் செய்திகளில் 'தீராத வயிற்றுவலி' என்ற காரணத்தை எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். அந்த வலி பொய்யன்று. ஆனால் துணை இறந்து, பிள்ளைகள் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விட, அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ பூட்டிய அறைகளுக்கு நடுவே தனித்திருக்கும் ஓர் ஆச்சி, மனச்சோர்வு என்ற சொல்லைச் சொல்லமாட்டார். "சோறு இறங்கல, உறக்கம் வரல" என்றுதான் சொல்வார். வயிற்றுக்கு மாத்திரை எழுதித் தருகிறோம். "யாருக்கும் பாரமா இருக்கப்பிடாது" என்று தாத்தா சொன்னால், தன்மானம் மிக்கவர் என்று மெச்சிவிட்டு நகர்கிறோம். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மிகுந்த அச்சம் தருகிறது.

இளையோரில் முயற்சிகள் மிகுதி, இறப்புகள் குறைவு. முதியோரில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது, ஏனெனில் உடலும் தளர்ந்திருக்கிறது, உடனே கண்டு காப்பாற்ற வீட்டில் ஆளும் இல்லை. ஆகவே முன்கூட்டியே கேட்பதுதான் வழி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வருபவர் உறக்கத்தையும் மனத்தையும் பற்றி இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேட்கலாம். "சாகணும்னு தோணுதா, ஆச்சி?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனச்சோர்வு எண்பது வயதிலும் மருத்துவத்தால் குணமாகும்.

மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் கட்டணமில்லா எண்கள், தமிழிலேயே பேசலாம். இப்போது இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களும் அழைக்கலாம்.