அரசர் மனசு மாறினா கதை முடிஞ்சிருமா? | 2190 சோழ இளவரசிக்கு முடிச்சு கிடைச்சாச்சு!

வணக்கம் மக்களே! நான் எழுதுற சோழ இளவரசி கதையோட வரைபடத்தை இன்னைக்கு காட்டுறேன்னு போன வீடியோவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. ஏன்னா எனக்குச் செம கோபமும் செம சந்தோஷமும் ஒரே நேரத்துல வந்திருக்கு. கோபத்தை முதல்ல இறக்கி வெச்சிடறேன்.

நேத்து ராத்திரி ஒரு தொடர்கதையோட கடைசி அத்தியாயம் படிச்சேன். பேர் வேண்டாம். வரலாறு வேற பக்கம் திரும்பிப்போன ஒரு எதிர்காலப் பேரரசு, பட்டத்து இளவரசி, அவளுக்குச் சாதாரண வீட்டுப் பையன் மேல காதல். நம்ம ஏரியா! ஆரம்பத்துல இருந்து "பேரரசின் சட்டம் இடம் கொடுக்காது, இடம் கொடுக்காது"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. நானும் அந்தச் சட்டம் எப்போ வெளியே வரும்னு காத்துட்டே இருந்தேன். கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? பேரரசர் கண் கலங்கி, "போ மகளே, உன் மனசுப்படி வாழு"ன்னுட்டார். அவ்வளவுதான், சுபம். அந்தச் சட்டம் எங்கங்க போச்சு? யாரு திருத்தினா? அவையில யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா?

காதலுக்குக் குறுக்கே நிக்கிறது அப்பாவோட பிடிவாதம் மட்டும்னா அதுக்கு எந்த வீடா இருந்தாலும் போதும், பேரரசே தேவையில்ல. அரச கடமைன்னா அது அரசரையே கட்டிப்போடணும். அவரே விரும்பினாலும் அவிழ்க்க முடியாத முடிச்சா இருக்கணும். இதை எத்தனை வீடியோவுல சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நிஜ வரலாற்றையே எடுத்துக்கோங்க. பிரிட்டன்ல 1772ல அரச குடும்பத் திருமணச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. மூன்றாம் ஜார்ஜோட தம்பி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்ட கோபத்துல கொண்டுவந்தது, 2015 வரைக்கும் இருந்துச்சு. அதுப்படி, அரசரோட சம்மதம் இல்லாம அரச குடும்பத்துல கல்யாணம் செல்லாது. 25 வயசு தாண்டிட்டா ஒரு சின்ன வழி இருந்துச்சு. அரசரோட ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலுக்கு அறிவிப்பு கொடுத்துட்டு ஒரு வருஷம் காத்திருக்கணும். அதுக்குள்ள நாடாளுமன்றத்தோட ரெண்டு அவையும் எதிர்ப்புச் சொல்லலைன்னா கட்டிக்கலாம். ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஒரு முழு நாவலே இருக்கு. ராணி இரண்டாம் எலிசபெத்தோட தங்கச்சி, இளவரசி மார்கரெட் விவகாரம் இதுலதான் வந்து நின்னுச்சு. 1955 ஆகஸ்ட்ல அவங்களுக்கு 25 முடிஞ்சது. அவங்க விரும்பின பீட்டர் டவுன்செண்ட் விவாகரத்து ஆனவர். அக்டோபர் 31ஆம் தேதி, அவரைக் கட்டிக்கப் போறதில்லைன்னு அவங்களே அறிக்கை விட்டாங்க. யாரும் அவங்களைக் கோபுரத்துல அடைச்சு வைக்கல. முடிவை அவங்க கையிலேயே கொடுத்துட்டு, கூடவே அதோட விலையையும் கொடுத்துட்டாங்க. எனக்குப் பிடிச்ச மாதிரிக் கதை இதுதான்.

1936 இன்னும் பிரமாதம். பிரிட்டன் அரசர் எட்டாம் எட்வர்டு, காதலிச்சவங்களைக் கட்டிக்கறதுக்காக முடி துறந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா பேரரசுன்னு கதை எழுதுறவங்க கவனிக்க வேண்டியது அந்தத் தேதி. லண்டன்ல டிசம்பர் 11. அயர்லாந்து தனியாச் சட்டம் போட்டதால அங்க டிசம்பர் 12. அதாவது ஒரே ஆள் ஒரு இடத்துல அரசர் இல்ல, பக்கத்துத் தீவுல இன்னும் ஒரு நாள் அரசர்! பெரிய பேரரசுல காதல் பண்றவங்களுக்கு எத்தனை கதவு திறந்திருக்கு, எத்தனை கதவு மூடியிருக்குன்னு இந்த ஒரு நாள் போதும் காட்டறதுக்கு. இதை விட்டுட்டு ரகசியச் சுரங்கப்பாதை, மாறுவேஷம்னு போறாங்க. மாறுவேஷம் எனக்குச் சுத்தமாப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். பட்டத்து இளவரசி முகத்துல ஒரு துணியைக் கட்டினா ஊருக்கே அடையாளம் தெரியாதாம்!

சரி, கோபம் முடிஞ்சது. இப்போ சந்தோஷம்.

நம்ம கதை ஞாபகம் இருக்குல்ல? சோழப் பேரரசு விழாம இருந்து, 2190. 13ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரிச்சது நம்ம உலகத்துல நடக்கல. கடாரம் வரைக்கும் கடல் நம்ம கையில. இளவரசி இருக்கா, பையன் இருக்கான். ரெண்டு பேரும் சேர முடியாததுக்குக் காரணம் மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. கமெண்ட்ல நிறையப் பேர் "வேற நாட்டு இளவரசனுக்கு நிச்சயம் பண்ணிடுங்க"ன்னு சொன்னீங்க. சோழர்களுக்கு அது பொருந்தும்தான். முதலாம் ராஜராஜன் தன் பொண்ணு குந்தவையை ஆந்திரப் பக்கம் இருந்த வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தார். அவங்க பையன் ராஜராஜ நரேந்திரன், ராஜேந்திரனோட பொண்ணு அம்மங்காதேவியைக் கட்டினார், சொந்த மாமன் மகள். அவங்களுக்குப் பொறந்தவர்தான் 1070ல சோழ அரியணை ஏறின முதலாம் குலோத்துங்கன். அவர் கட்டினதும் மாமன் மகள் மதுராந்தகியைத்தான். மூணு தலைமுறை கல்யாணம் சேர்ந்து வாரிசையே மாத்திடுச்சு. அந்தப் பொண்ணுங்க யாரை விரும்பினாங்கன்னு எந்தக் கல்வெட்டும் சொல்லல. எனக்கு அது ரொம்ப உறுத்தும். ஆனா வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம். அதைத்தான் எல்லாரும் எழுதுறாங்க, பழசு.

எனக்கு வழி கிடைச்சது காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கிற உத்திரமேரூர்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும். குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம். ஊர்ச் சபையோட வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு எடுக்கிறதுன்னு அதோட நிறுத்திடறாங்க. உள்ள போய்ப் படிங்க மக்களே, அங்கதான் விஷயம் இருக்கு. யாரெல்லாம் குடத்துக்குள்ள பேர் போடக் கூடாதுன்னு ஒரு பட்டியல் வருது. அதுல எந்த வாரியத்துல இருந்திருந்தாலும் கணக்குக் காட்டாதவங்க பேர் போட முடியாது. அதோட நிக்கல. அவங்களோட அண்ணன் தம்பி, அப்பாவோட கூடப் பொறந்தவங்க, அம்மாவோட கூடப் பொறந்தவங்க, மாமனார், மச்சினன், மருமகன்னு சொந்தத்தையே வரிசையா எழுதி வெச்சிருக்காங்க.

மாமனார்! அதைப் படிச்ச உடனே எழுந்து நின்னுட்டேன்.

ஏன்னு கேளுங்க. பையன் ஏரி வாரியத்துல இருக்கான்னு வைங்க. கணக்குக் காட்டல. அவனை இளவரசி கட்டிக்கிட்டா, அவனுக்கு மாமனார் யாரு? பேரரசர்! 919ல அந்த விதி ஊர்ச் சபையோட வாரியங்களுக்கு மட்டும்தான். நம்ம கதையில அது வளர்ந்து வளர்ந்து அரியணைக்கும் பொருந்துற சட்டமா ஆயிடுச்சு. ஊர் வாரியத்துக்கு ஒரு நியாயம், அரண்மனைக்கு ஒரு நியாயம்னு இருக்கக் கூடாதுன்னு மக்கள் போராடி வாங்கினது. அப்போ தாலி ஏறின அந்த நிமிஷமே பேரரசர் தகுதி இழந்துடுவார். கண் கலங்கினாலும் சரி, கலங்கலைன்னாலும் சரி, அவரால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த ஒரு சொந்தக்கார உறவு கிடைக்கத்தாங்க இவ்வளவு நாள் தவிச்சேன்!

ஆனா ஒரு சிக்கல் வந்துச்சு. வயசு. 921 கல்வெட்டுப்படி 35 வயசுக்கு மேல, 70க்குக் கீழ இருக்கணும். இளம் காதல் கதையில பையனுக்கு முப்பத்தஞ்சா? நடக்காது. பையன் வாரியத்துலயே இருக்க வேண்டாம், அவங்க அம்மா இருக்கட்டும்னு யோசிச்சேன். அப்போ பேரரசர் சம்பந்தி ஆயிடறார், மாமனார்ங்கிற அந்த நேரடி அடி போயிடுது. மாமனாரை விடவே மாட்டேன்னு உக்காந்துட்டேன். வேற விதி தேடினேன், பிடிக்கல. வயசை மறைச்சு உள்ள வந்துட்டான்னு வைக்கலாமா? சீச்சீ, அப்புறம் அவன் பொய்யன் ஆயிடுவான்.

அப்புறம் 919 கல்வெட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதுல வயசு என்ன தெரியுமா? 30லேருந்து 60! ரெண்டே வருஷத்துல 35, 70ன்னு மாத்தியிருக்காங்க. அதாவது அந்தச் சபை கல்லுல வெட்டின விதியையே, சரியா வரலைன்னா, திருத்தியிருக்கு. ரெண்டு வருஷத்துல அஞ்சு வயசு ஏத்த முடியும்னா, 1,200 வருஷத்துக்கு மேல போனப்புறம் இருபதுக்கு இறக்க முடியாதா? கண்டிப்பா முடியும். பராந்தகனோட சபையே எனக்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. பையனுக்கு வயசு 21. ஏரி வாரியத்துல ஆறு பேர், அதுல அவன்தான் சின்னவன். இந்த வயசுக் கணக்கு சரியானதுல எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, இன்னும் பத்து நிமிஷம் இதைப் பத்தியே பேசுவேன்.

ஆங், முன்னாடியே சொல்லியிருக்கணும், 360 நாள். வாரியத்தோட காலம் 360 நாள்தான். கல்வெட்டுலயே இருக்கு. அதனால கதையோட கெடுவும் தானா வந்துடுச்சு. பதவி முடியுற அன்னைக்குக் கணக்கு கொடுக்கணும். ஓலைச்சுவடியோ, கண்ணாடித் திரையோ, 2190ல எதுவா இருந்தாலும் சபை முன்னாடி வாசிக்கணும்.

இப்போ அவன் ஏன் கணக்குக் காட்டல? திருடினான்னு நினைக்காதீங்க. திருடன் மேல இளவரசிக்குக் காதல்னா எனக்குப் பிடிக்காது, நான் எழுத மாட்டேன். அந்த வருஷம் மழை பொய்ச்சுப்போச்சு. கீழ்மடைக்காரங்க பயிர் கருகுது. சபை கூடி முடிவெடுக்க நேரம் இல்ல. இளவரசி தனக்கு இல்லாத அதிகாரத்துல "மதகைத் திற"ன்னு ஒரு உத்தரவு போடறா. அவன் திறந்துட்டான். கீழ்மடை பிழைச்சது, மேல்மடையில பாதி காஞ்சு போச்சு. எந்த நாள், எந்த மதகு, எவ்வளவு தண்ணி, யார் சொல்லின்னு எல்லாமே கணக்குல இருக்கு. கணக்கைக் காட்டினா, அதிகாரம் இல்லாம உத்தரவு போட்டதுக்கு அவளோட பட்டம் போகும். காட்டலைன்னா அவனை அவளால கட்டிக்கவே முடியாது. அவளைக் காப்பாத்தறதுக்காக அவன் மூடி வைக்கிற அதே கணக்குதான் ரெண்டு பேரையும் பிரிக்குது.

நடுவுல கெட்டவனே இல்ல பாருங்க! பேரரசர் நல்லவர். பையன் நல்லவன். சபையும் தன் வேலையைத்தான் பார்க்குது. மேல்மடைக்காரங்க கேக்கிற கேள்வி நூத்துக்கு நூறு நியாயம். எனக்கு இந்த மாதிரிக் கதைதான் உயிர்.

இன்னொரு விஷயம், உலகத்தோட முதல் ஜனநாயகம்னு சிலர் பதிவு போடுவீங்க. அப்படிப் போடாதீங்க, தயவுசெஞ்சு. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். பேர் குடத்துல போகணும்னா சொந்த மனையில வீடு வேணும், வரி கட்டுற நிலம் பொதுவா கால் வேலிக்கு மேல வேணும், வேதப் படிப்பு வேணும். அந்த ஏரிக்கரையில மண் சுமந்தவங்க பேர் எந்த ஓலையிலயும் இருந்திருக்காது. எனக்கு அந்தக் கல்வெட்டு மேல இவ்வளவு ஆசை இருக்கிறதாலதான் இதைச் சொல்றேன். நம்ம 2190ல அந்தப் பூட்டெல்லாம் ஒண்ணொண்ணா உடைஞ்சாச்சு. பையனோட பாட்டன் பூட்டன் எல்லாம் கரையில மண் சுமந்தவங்கதான். அந்த வம்சத்துல ஓலையில ஏறின முதல் பேர் அவனோடது. கணக்குக் காட்டாதவன்னு ஆனா, அவன் பேரோட சேர்ந்து என்னென்ன விழும்னு யோசிச்சுப் பாருங்க. இளவரசிக்கும் இது தெரியும். பட்டம் போனாலும் அவளுக்கு ஒரு வீடு இருக்கும். அவனுக்குப் பேர் போனா திரும்ப வர இன்னும் எத்தனை தலைமுறை ஆகும்?

சபைக் காட்சியை மட்டும் முழுசா எழுதிட்டேன். குடத்துலேருந்து ஓலை எடுக்கிறது விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன். எடுத்த ஓலையை நடுவர் வாங்கறப்போ அஞ்சு விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையிலதான் வாங்கணும். விரலிடுக்குல வேற ஓலை ஒளிச்சு வெச்சு மாத்திடக் கூடாதுன்னுதான் அப்படின்னு எனக்குத் தோணுது. வாங்கினவர் வாசிச்சப்புறம் அங்க இருக்கிற நம்பிமார்களும், அதாவது கோயில் பூசாரிகளும், அதையே வாசிக்கணும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு சந்தேகப்பட்டிருக்காங்க பாருங்க, அருமை! என் கதையில கணக்கு வாசிக்கிறதுக்கும் இதே முறைதான். பையன் எழுந்து வெறுங்கையைக் காட்டறான், கணக்கு இல்லைன்னு அர்த்தம். அப்போ பின்வரிசையிலேருந்து இளவரசி எழுந்து வர்றா. அஞ்சு விரலையும் விரிச்சு நீட்டறா. உள்ளங்கையில மதகு உத்தரவோட மூலப் பிரதி, அவ கையெழுத்தோட. வாசிக்கச் சொல்றா. ஒருத்தர் வாசிக்கிறார், அடுத்தவர் வாசிக்கிறார், எல்லாரும் வாசிக்கிறாங்க. பேரரசர் அங்கேயே உக்காந்திருக்கார். தடுக்க அவருக்கு அதிகாரம் இல்ல.

இதுக்கப்புறம் அவளுக்குப் பட்டம் கிடையாது. அதுல நான் உறுதியா இருக்கேன். "விதிவிலக்கு கொடுங்களேன்"னு கேட்டு யாரும் வராதீங்க, கொடுக்க மாட்டேன். கல்யாணம் நடக்குமா இல்லையாங்கிறதுலதான் இன்னும் யோசிக்கிறேன். கணக்கு வந்துடுச்சு, அதனால விதிப்படி அவனுக்குத் தடை இல்ல. ஆனா மேல்மடையில காஞ்சுபோன நிலத்துக்கு யார் பதில் சொல்றது? அவங்க ஊர் வழியாத்தான் அவன் தினம் போகணும். அந்த ஊர்ல ஒரு கிழவி பாத்திரம் மனசுல இருக்கு. கல்யாணத்துக்கு அவங்க வரணுமா, வாசல்லயே நின்னு கேள்வி கேக்கணுமான்னு கமெண்ட்ல சொல்லுங்க. காரணத்தோட சொல்லுங்க, சும்மா இதயம் மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க.

அடுத்த வீடியோவுல வரைபடம். ஏரி, மேல்மடை, கீழ்மடை, எந்த மதகு திறந்துச்சுன்னு எல்லாமே அதுல இருக்கும். பார்த்துட்டு யார் பக்கம் நியாயம்னு நீங்களே அளந்துக்கலாம். வர்றேன் மக்களே!