ஆகாயத்தாமரைய எடுத்தா மட்டும் பத்தாது மக்களே

வணக்கம் மக்களே, தாம்பரம் பக்கம் எங்க ஏரிக்கரையில நின்னு பேசறேன், பின்னாடி பச்சப்பசேல்னு தெரியுதுல்ல, அது புல்லு இல்ல, மொத்தமும் ஆகாயத்தாமரை, தண்ணி அதுக்கு அடியில இருக்கு.

வாக்கிங் டிராக், லைட்டு, ஊஞ்சல் எல்லாம் போட்டாச்சு, இப்போ குரூப்ல சேத்துப்பட்டு ஏரி மாதிரி போட்டிங் வேணும்னு கேக்கறாங்க. அங்க 2016-ல ஈக்கோ பார்க் திறந்தாங்க, நல்லாதான் இருக்கு, எனக்கும் ஆசைதான். ஆனா இந்த செடிய ஒரு தடவ பாருங்க, கிட்ட காட்டறேன். இந்த குண்டு காம்ப அழுத்தினா பஞ்சாட்டம் அமுங்குது, உள்ள காத்து, அதான் மிதக்குது. கீழ வேரு முடி மாதிரி கருப்பா தொங்குதா, மோந்து பாத்தா அப்படியே சாக்கடை நாத்தம். அந்த சாக்கடையில இருக்கற நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் இதுக்கு சாப்பாடு, அது கிடைச்சா ரெண்டே வாரத்துல ரெண்டு மடங்காகும், நம்ம ஞாயித்துக்கிழமை டீம் முட்டி வலிக்க இழுத்துப் போட்டாலும் ஈடு கட்ட முடியாது.

சரி சாக்கடை எங்கேர்ந்து வருது? அந்த மூலையில மழைநீர் வடிகால் வந்து விழுது பாருங்க, மே மாசம் சுட்டெரிக்கிற வெயில்லயும் அது ஓடுது. மே மாசத்துல ஏதுங்க மழைத்தண்ணி? நம்ம தெரு வீடுங்களோட கழிவுதான். மீட்டிங்ல எல்லாத்தையும் பேசறோம், யார் வீட்டு குழாய் எங்க போகுதுன்னு மட்டும் கேக்க மாட்டேங்கறோம், பக்கத்து வீட்டு மனஸ்தாபம்னு பயம். எனக்கு அதுதான் ரொம்ப வேதனையா இருக்கு. விடியக்காலையில வந்து பாருங்க, மீனுங்க மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும், ராத்திரி பூரா தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சு போய் மூச்சு முட்டுது அதுங்களுக்கு.

இன்னொண்ணு கலங்கல், அதாவது ஏரி நிரம்பினா தண்ணி வழிஞ்சு வெளிய போற இடம். அக்டோபர்ல மழை பிடிச்சா உபரித்தண்ணி அது வழியாதான் போகணும், இந்தச் செடி போய் அடைச்சா தண்ணி தெருவுக்குள்ள வரும். அதுக்காக கலங்கல உடைச்சு விடுங்கன்னு சொல்றாங்களே அது கூடவே கூடாது, 2015-ல வெள்ளத்துல தவிச்ச இதே ஊரு 2019-ல குடத்தோட லாரிக்கு நின்னுச்சு, தேங்கற தண்ணிதான கீழ இறங்கி நம்ம போர்ல வருது. வரத்துக் கால்வாயும் கலங்கலும் செப்டம்பர்லயே சுத்தமா இருக்கணும், எடுத்த செடிய கரையிலயே குமிச்சு வைக்காதீங்க, முதல் மழையில திரும்ப உள்ள போயிடும், லாரி வெச்சு அனுப்பிடணும்.

ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கு வாங்க, செருப்பு வேணாம், ஷூ போட்டுக்கோங்க, கண்ணாடி பாட்டில் ஓடு நிறைய கிடக்கு. வரதுக்கு முன்னாடி உங்க வீட்டு குழாய் பாதாள சாக்கடையில சேருதா இல்ல வடிகால்ல போகுதான்னு பிளம்பர வெச்சு பாத்துட்டு வாங்க, வடிகால்ல போச்சுன்னா சொல்லுங்க, கனெக்‌ஷனுக்கு மனு எழுதறதுல இருந்து ஆபீஸுக்கு கூட வரது வரைக்கும் நாங்க இருக்கோம், யாரையும் திட்ட மாட்டோம்.