ஸ்க்விட் கேம் அலியும் அவர்தான், அரபு இளவரசனும் அவர்தானா? கொரியன் சீரியல்ல வெளிநாட்டு ஆட்கள் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே இல்லை. சேலத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "சார், ஸ்க்விட் கேம்ல அலியா வந்தவரும் கிங் த லேண்ட்ல அரபு இளவரசனா வந்தவரும் ஒரே நடிகர்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அலிக்காக அழுதேன். இளவரசனைப் பார்க்கவே எரிச்சலா இருந்துச்சு. கொரியாக்காரங்களுக்கு நம்மள மாதிரி ஆளுங்கன்னா ஒண்ணு அப்பாவி, இல்லைன்னா பொறுக்கி, அவ்வளவுதானா?"

ரொம்ப நல்ல கேள்விம்மா. அந்த நடிகர் பேரு அனுபம் திரிபாதி, டெல்லிக்காரர். 2010ல ஸ்காலர்ஷிப்ல சியோல் போய் நடிப்பு படிச்சவர். பாகிஸ்தானியும் இல்லை, அரபும் இல்லை. ஆனா பாகிஸ்தான் வேஷமும் அவருக்கு, அரபு வேஷமும் அவருக்கு. பதில்ல பாதி இதுலயே இருக்கு.

நம்ம பழைய வீடியோக்கள் பார்த்தவங்களுக்கு நான் அடுத்து என்ன கேட்பேன்னு தெரியும். அந்த ஆளுக்குக் கதையில வீடு இருக்கா? வேலை முடிஞ்சு அவன் போற இடம், காத்துக்கிட்டிருக்கற மனுஷங்க, இதைக் காட்டுறாங்களா? புதுசா வந்தவங்களுக்காகத் திரும்பவும் சொல்றேன், இதை வச்சுத்தான் நான் அளப்பேன்.

2021ல வந்த ஸ்க்விட் கேம், கடன்ல மூழ்கினவங்க பணத்துக்காக உயிரைப் பணயம் வச்சு விளையாடற சீரியல். அதுல பாகிஸ்தான் தொழிலாளி அலிக்குத் தொழிற்சாலையில ஆறு மாசமா சம்பளம் வரல. கையில விரல் போயிருக்கு. ரெண்டாவது எபிசோட்ல முதலாளிகிட்ட கேட்கப் போறான், தள்ளுமுள்ளுல முதலாளியோட கை மெஷின்ல மாட்டிக்குது. பணத்தை எடுத்துக்கிட்டு எங்க ஓடுறான்? வீட்டுக்கு. அங்க மனைவி, கைக்குழந்தை. பணத்தைக் கையில கொடுத்து, ஊருக்குக் கிளம்பிடுன்னு அனுப்புறான். கொஞ்ச நேரம்தான் வருது அந்தக் காட்சி. ஆனா பின்னாடி கோலிக்குண்டு விளையாட்டுல கூட ஆடற சாங்-வூ அவனை ஏமாத்தும்போது நமக்கு வலிக்குது பாருங்க, அதுக்குக் காரணமே அந்த வீட்டை நாம பார்த்ததுதான்.

அதுலயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. அலி எல்லாரையும் கும்பிடறான், எல்லாரையும் நம்பறான். அவ்வளவு நல்லவனா இருந்தாத்தான் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்காக நாம அழுவோமா? கொஞ்சம் கோபக்காரனா, கணக்குப் பார்க்கறவனா இருந்தா அழ மாட்டோமா? மத்த ஆட்டக்காரங்க எல்லாம் கெட்டவங்களாவும் இருக்கலாம், குழப்பமானவங்களாவும் இருக்கலாம். அவனுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

இப்ப இளவரசன். 2023ல வந்த கிங் த லேண்ட், ஒரு பெரிய ஹோட்டலைச் சுத்தி நடக்கற காதல் சீரியல். அதுல வர்ற இளவரசன் சமீருக்கு ஊர் எதுன்னு கிடையாது, குடும்பம் கிடையாது. பொண்ணுங்க சூழ்ந்திருக்கற நைட் கிளப்ல ஆரம்பிச்சு கதாநாயகி பின்னாடி சுத்தறான். அரபு நாட்டு ரசிகர்கள் கொதிச்சுப்போனாங்க. முதல்ல தயாரிப்புத் தரப்பு "எல்லாம் கற்பனைப் பாத்திரம்"னு விளக்கம் சொன்னாங்க. எதிர்ப்பு அடங்கலைன்னதும் மன்னிப்புக் கேட்டாங்க. என் அளவுகோல்ல வச்சுப் பாருங்க, சமீருக்கு வீடு இல்லை, ஹோட்டல் ரூம் மட்டும்தான்.

இது நேத்து ஆரம்பிச்சதும் இல்லை. 2004ல கேபிஎஸ்ங்கற கொரிய டிவியில ஒரு காமெடி நிகழ்ச்சி. ஒரு கொரியக் காமெடியன் பிளாங்கான்னு ஒரு இலங்கைத் தொழிலாளி வேஷம் போட்டு வருவார். உடைஞ்ச கொரியன்ல தன் முதலாளி செஞ்சதெல்லாம் சொல்லி, "சாஜாங்னிம் நாப்பாயோ", அதாவது முதலாளி மோசம்னு முடிப்பார். நாடு முழுக்க அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்லதான் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அரசே ஒப்பந்தம் போட்டு எடுக்கற இப்பத்திய முறை வந்துச்சு, அதுல முதல்ல சேர்ந்த நாடுகள்ல இலங்கையும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி இவங்களுக்குத் தொழிலாளிங்கற பேரே கிடையாது, பயிற்சிக்கு வந்தவங்கன்னு சொல்லித்தான் வேலை வாங்கினாங்க. அதனால பிளாங்காவை நான் முழுசா ஒதுக்க மாட்டேன். சம்பளம் கொடுக்காத முதலாளின்னு ஒருத்தன் இருக்கான்ங்கற உண்மை ஒவ்வொரு வீட்டு ஹாலுக்கும் போச்சு. ஆனா அதைச் சொன்ன வாய் இலங்கைக்காரரோட வாய் இல்லை. ஜனங்க சிரிச்சதுல பாதி அந்த உச்சரிப்பைப் பார்த்து.

அப்புறம் வெளிநாட்டுக்காரங்களே வந்து பேசற நிகழ்ச்சிகளும் வந்துச்சு. 2014ல ஜேடிபிசிங்கற கொரிய டிவியில நான்-சம்மிட், பதினொரு நாட்டு இளைஞர்கள் மேஜையைச் சுத்தி உட்கார்ந்து கொரியன்லயே விவாதம் பண்ணுவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச நிகழ்ச்சி. அதுல கானாவைச் சேர்ந்த சாம் ஒக்கியரே இருந்தார், எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. 2020ல ஒரு மேல்நிலைப்பள்ளிப் பசங்க முகத்துல கறுப்பு பூசிக்கிட்டு, கானாவுல சவப்பெட்டி தூக்கி ஆடறவங்க மாதிரி போட்டோ எடுத்தாங்க. இது எங்களைப் புண்படுத்துதுன்னு சாம் எழுதினார். அவ்வளவுதான், கோபம் பூரா இவர் மேல திரும்புச்சு. அவரோட பழைய விஷயங்களை எல்லாம் தோண்டினாங்க. கடைசியில மன்னிப்புக் கேட்டது அவர். கொரியாவைப் பாராட்டற வரைக்கும் விருந்தாளி, குறை சொன்னா வெளியாள்.

வீட்டைக் காட்டிட்டாப் போதுமான்னு கேட்பீங்க. போதாது. கேபிஎஸ்ல லவ் இன் ஏசியான்னு 2005ல இருந்து பத்து வருஷம் ஓடுச்சு. வியட்நாம், பிலிப்பைன்ஸ்னு பல நாடுகள்ல இருந்து கல்யாணம் ஆகி வந்த மருமகள்களோட கதை. அவங்க தாய்வீட்டுக்கே கேமரா போகும். ஆனா அந்த வீட்டோட வறுமையையும் கண்ணீரையும்தான் அது தேடும்.

தங்கச்சி, நீங்க சீரியலைப் பத்திக் கேட்டீங்க. நிஜத்துல கொரியாவுல வேலை பார்க்கற வெளிநாட்டுக்காரங்க எந்த வீட்டுல இருக்காங்கன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். 2023 கடைசியில கொரியாவுல இருந்த வெளிநாட்டுக்காரங்க 25 லட்சத்துக்கும் மேல, மக்கள்தொகையில கிட்டத்தட்ட 5 சதவீதம். 2020 டிசம்பர்ல, போச்சான்ங்கற ஊர்ல, காய்கறிப் பண்ணையில வேலை பார்த்த ஒரு கம்போடியப் பெண் கடும் குளிர் அடிச்ச ஒரு நாள்ல இறந்துபோனாங்க. அவங்க தங்கியிருந்தது பிளாஸ்டிக் ஷீட் போட்ட பசுமைக்குடிலுக்குள்ள. அதுக்கப்புறம் அந்தக் குடில்களுக்குள்ள நிறைய கேமரா போச்சு. அந்த மாதிரி இடத்துல தங்க வைக்கற பண்ணைக்கு இனிமேல் ஆள் எடுக்க அனுமதி கிடையாதுன்னு அரசு சொன்னதும் அதுக்கப்புறம்தான். கொரியன் சாப்பாட்டுல வர்ற பெரில்லா இலையும் லெட்யூஸும் இப்படிப்பட்ட குடில்கள்ல வளருது, பறிக்கற கை பெரும்பாலும் இவங்களோடது. எத்தனை சீரியல்ல சாப்பாடு சீன் பார்த்திருக்கோம்! பறிச்ச ஆளை ஒரு தடவையாவது பார்த்திருக்கோமா?

நல்ல உதாரணம் ஒண்ணும் சொல்லணும். 2009ல வந்த பந்தோபின்னு ஒரு சின்னப் படம். சம்பளம் வராத ஒரு பங்களாதேஷ் தொழிலாளியும் ஒரு பள்ளிக்கூடப் பொண்ணும் சேர்ந்து அந்த முதலாளியைத் தேடிப் போறாங்க. அந்தத் தொழிலாளி பேரு கரீம். அந்த வேஷத்துல நடிச்ச மஹ்பூப் ஆலம் தானே தொழிலாளியா பங்களாதேஷ்ல இருந்து கொரியா போனவர். இந்தக் கரீம் கோபப்படுவான், ஆசைப்படுவான், அந்தப் பொண்ணோட சரிக்குச் சரி வாதாடுவான். அலிக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைச்சிருக்கு. ஸ்க்விட் கேம் வர்றதுக்குப் பன்னெண்டு வருஷம் முன்னாடியே!

நம்ம சேனலை இலங்கையில இருந்தும் நிறையப் பேர் பார்க்கறீங்க. உங்கள்ல யாராவது கொரியாவுல வேலை பார்த்திருந்தா, எங்க தங்க வச்சாங்க, எப்படி இருந்துச்சுன்னு விவரமா எழுதி அனுப்புங்க. அடுத்த பகுதியில உங்க பதில்களை வாசிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் மத்த கேள்விகளுக்குப் போவேன்.