ஈஸ்ட் செத்துப் போச்சுன்னு யார் சொன்னது?

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து மறுபடியும் நான்தான். முதலில் விலையைப் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தத் துக்கடா ஈஸ்ட் பாக்கெட் 4 வெள்ளி 80 காசு! போன தடவை 3 வெள்ளி 50. கடைக்காரரிடம் கேட்டால், "எல்லாம் ஏறிப்போச்சு தங்கச்சி" என்கிறார். எல்லாம் ஏறுது, சம்பளம் மட்டும் ஏறவில்லையே!

அந்த ஈஸ்டைப் போட்டுக் கரைத்த அப்ப மாவுதான் இது. நம் அடுப்படி உங்களுக்குத் தெரியும், தகரக் கூரை. மத்தியானம் மாவு நன்றாகச் சூடேறிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை, "கொட்டிடு, ஈஸ்ட் செத்துப் போச்சு" என்றார். நான் கொட்டவில்லை. சாயங்காலம் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கிறது, பாருங்கள்!

ஏன் சாகவில்லை தெரியுமா? ஈஸ்டுக்குப் பிடித்தது 30 டிகிரி. 40-ஐ நெருங்கினால் அதன் புரதங்கள் மடிப்பு கலைந்து கட்டிதட்டும். சிலவற்றை ஈஸ்ட் மறுபடி மடித்துச் சரிபண்ணிவிடும். தேறாதவற்றின் மேல் உபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை ஒட்டும். தோட்டத்தில் செம்பனைக் குலைக் காம்பில் நம்பர் எழுதுவார்களே, அந்த மாதிரி அடையாளம். ஒன்று போதாது, வழக்கமாக குறைந்தது நாலு சங்கிலியாகக் கோத்திருந்தால்தான், செல்லுக்குள் புரதத்தை நறுக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அதை உள்ளே இழுத்து நறுக்கும். உபிக்விட்டின் மட்டும் கழன்று திரும்ப வேலைக்கு வந்துவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சூட்டில் இந்தத் தேறாத புரதக் குப்பை கூடிவிட்டால், ஒட்டுவதற்கு உபிக்விட்டின் பற்றாது. அதற்குத்தான் யுபிஐ4 என்ற மரபணு. ஐந்து உபிக்விட்டினை ஒரே சரமாகச் செய்து, பிறகு தனித்தனியாக வெட்டிக்கொள்ளும். 1987-ல் அலெக்ஸாண்டர் வர்ஷவ்ஸ்கி என்ற விஞ்ஞானியின் குழுவினர் அந்த மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சாதாரணமாக இருக்கும்போது ஈஸ்ட் ஜோராக வளர்ந்தது. சூட்டிலும் பட்டினியிலும்தான் தாக்குப்பிடிக்கவில்லை.

அட, சொல்ல விட்டுப்போச்சு. இந்த உபிக்விட்டின் வேலைக்கு 2004-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். சீச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும். வர்ஷவ்ஸ்கிக்கு இல்லை! எனக்கு இன்னும் கடுப்புதான்.

அப்புறம், இதைக் கேட்டுவிட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஈஸ்டைக் கொட்டாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் எந்த யுபிஐ4-உம் காப்பாற்றாது. போன வீடியோவுக்குக் கீழே "நான் கொதிதண்ணிதான் ஊத்துவேன்" என்று எழுதிய அண்ணே, உங்களைத்தான் சொல்கிறேன்.