மூடிய பட்டியல் ஏன் வேண்டும்?

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் நிரலாளர்களுக்கும் வணக்கம். ஜாவா மொழியில் எழுதும் நிரலைப் பிழையில்லாமல் காப்பதில் பெரும்பங்கு எனத்துக்கா (enum), இன்டர்ஃபேஸுக்கா என்பது தலைப்பு. எனம் என்பது இன்னின்ன மதிப்புகள்தான் என்று பெயர் சொல்லி மூடிவைத்த பட்டியல்; இன்டர்ஃபேஸ் என்பது இன்னின்ன மெத்தட், அதாவது செயல்கள், இருக்க வேண்டும் என்று கிளாஸ்களுக்கு இடும் ஒப்பந்தம். நான் எனத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "எனத்தில் ஒரு மதிப்பைக் கூட்டினால் நிரல் முழுக்கத் திருத்த வேண்டும்; இன்டர்ஃபேஸ் என்றால் புதிதாக ஒரு கிளாஸ் எழுதினால் போதும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, திருத்த வேண்டிய இடம் எது என்று உங்களுக்குக் காட்டிக்கொடுப்பது யார்? அதைச் சொல்லாமல் அமர்ந்துவிட்டீர்களே!

ஆர்டர் நிலை என்று ஓர் எனம் இருக்கிறது. பதிவானது, அனுப்பியது, சேர்ந்தது என மூன்றே மதிப்பு. 2020-இல் ஜாவா 14 நிலைப்படுத்திய ஸ்விட்ச் எக்ஸ்பிரஷனில், அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு விடை தரும் அமைப்பில், மூன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன்; 'மற்ற எதுவானாலும் இது' என்னும் டீஃபால்ட் போடவில்லை. இப்போது 'ரத்து' என்று நான்காவதைச் சேர்க்கிறேன். கம்பைல் ஆகாது! எந்த ஃபைலில், எந்த வரியில் விடை குறைகிறது என்று, நிரலை ஓட்டுவதற்கு முன்பே சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலரே சொல்லிவிடும். அவசரத்தில் ஒரு டீஃபால்ட் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

எனம் இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். 2004-இல் ஜாவா 5 வரும்வரை இதே நிலைகளை 0, 1, 2 என்று இன்ட் மாறிலிகளாகத்தான், அதாவது பெயரிட்ட வெறும் முழு எண்களாகத்தான், பெரும்பாலும் வைத்திருந்தார்கள். ஆர்டர் நிலை கேட்கும் மெத்தடுக்கு 7 என்று அனுப்பலாம்; கிழமைக்கான மாறிலியைக்கூட அனுப்பலாம். கம்பைலர் வாய் திறக்காது, இரண்டும் அதற்கு வெறும் இன்ட். நிரல் எழுதிவைக்கும் பதிவான லாகில் '2' என்று மட்டும் விழும். எதனுடைய இரண்டு?

இன்டர்ஃபேஸில் மட்டும் திருத்தம் எளிதா? புதிதாக ஒரு மெத்தட் சேர்த்தால் அந்த இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்த, அதாவது அதன்படி எழுதிய, கிளாஸ் எல்லாம் கம்பைல் ஆகாமல் நிற்கும். 2014-இல் ஜாவா 8, கலெக்‌ஷனுக்கு ஸ்ட்ரீம் என்ற புதிய மெத்தடைக் கொடுக்க முனைந்தபோது, பழைய நிரல்கள் உடையாதிருக்க, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே மெத்தடின் நிரலை எழுதிவைக்கும் டீஃபால்ட் மெத்தட் என்ற வசதியையே மொழியில் சேர்க்க வேண்டி வந்தது. 2021-இல் ஜாவா 17, சீல்டு இன்டர்ஃபேஸைத் தந்தது. யார் யார் இம்ப்ளிமென்ட் செய்யலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடு அது. எனத்திடம் முதல் நாளிலிருந்தே இருந்த மூடிய பட்டியலை இன்டர்ஃபேஸும் கேட்டு வாங்கிக்கொண்டது.

வெளியார் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரலான பிளக்-இன்னுக்கு இன்டர்ஃபேஸ்தான் வேண்டும், மறுக்கவில்லை. அங்கேயும் எனம் ஒதுங்கி நிற்பதில்லை. ஃபைல் திறக்கப் பயன்படும் ஸ்டாண்டர்ட்ஓப்பன்ஆப்ஷன் ஓர் எனம்; ஓப்பன்ஆப்ஷன் என்ற இன்டர்ஃபேஸை அது இம்ப்ளிமென்ட் செய்கிறது. எதிரணியின் ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டு, தன் பட்டியலையும் விடாமல் வைத்திருக்கும் எனத்துக்கே தீர்ப்பு தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.